கொச்சி மூடியது, மும்பை வளர்ந்தது

கையில் போன் இருந்தால் போதும், இனி நிதி மையம் என்று தனியாக ஓர் ஊர் எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பங்குகள் தாள் பத்திரமாக இருந்த காலத்திலேயே நாகர்கோவிலில் ஒரு துணைத் தரகர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நான் கண்டது வேறு.

அப்போது ஒரு பங்கை விற்க, பரிமாற்றப் படிவத்தை நிரப்பி, பின்புறம் முத்திரை வில்லைகளை ஒட்டி, பத்திரத்தோடு சேர்த்துக் கொச்சிக்கோ சென்னைக்கோ அனுப்புவோம். என்றோ போட்ட கையெழுத்தின் கடைசிச் சுழி இப்போது விழவில்லையென்றால் எல்லாம் திரும்பி வந்துவிடும். 'பேட் டெலிவரி' என்போம். கை நடுங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெற்றுத் தாளில் தம் பழைய கையெழுத்தையே எழுதிப் பழகிவிட்டுப் படிவத்தில் போட்டார். அதுவும் திரும்பி வந்தது. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து பங்குகள் தாளை விட்டு மின்னணுக் கணக்கில் ஏறத் தொடங்கியபோது நாங்கள் அடைந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அந்த மாற்றத்தில் அடிபட்டது மும்பை அல்ல. மும்பையின் விலை நாகர்கோவில் திரையிலேயே தெரியத் தொடங்கிய பிறகு நடுவில் கொச்சி எதற்கு? 1978இல் தொடங்கிய கொச்சிப் பங்குச் சந்தையும், அதைவிடப் பழைய சென்னைச் சந்தையும், கோவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வணிகம்கூட இல்லாத சந்தைகள் வெளியேற, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2012இல் வழி வகுத்தது. வணிகம் முழுக்க மும்பையின் இரண்டு சந்தைகளில் குவிந்தது. பெரிய நிறுவனங்கள் சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே தங்கள் கணினியை வைக்கக் காசு கொடுத்து இடம் பிடிக்கின்றன. தூரம் ஒழிந்துவிட்டது என்றால் அந்த வாடகை எதற்காக?

புதிய மையம் உருவாகாது என்றும் சொல்லமாட்டேன். இந்தியப் பங்கு விலைக் குறியீடான நிஃப்டியை வைத்துச் சிங்கப்பூரில் நடந்துவந்த வணிகம் 2023 ஜூலை 3 முதல் குஜராத்தின் புதிய நிதி நகரமான கிஃப்ட் சிட்டிக்கு வந்துவிட்டது. அங்கே புதிய கட்டடங்களும் கேபிளும் இருந்ததால் மட்டும் அது வரவில்லை. தனி வரிச்சலுகை, 2020இல் அமைந்த தனி ஒழுங்குமுறை ஆணையம், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிவைத்த விதிகள்: இவையே அந்த வணிகத்தை இழுத்தன. பணம் வேகத்தைத் தேடிப் போகும்தான். ஆனால் வழக்கு என்று வந்தால் தீர்த்துவைக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் தங்கும்.

சென்ற மாதம் மார்த்தாண்டத்துக்கு அப்பாலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பையில் கணவரின் பழைய பத்திரங்களைக் கொண்டுவந்தார். மகன் வளைகுடாவில். "மக்களே, இந்தப் பங்கெல்லாம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. 2019 ஏப்ரல் முதல் தாள் பத்திரத்தை அப்படியே கைமாற்ற முடியாது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். மீட்க இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணங்கள், இணைய விண்ணப்பம் எல்லாம் வேண்டும். போனில் ஒரு நொடியில் பங்கு வாங்கலாம். அவர் கணவரின் பங்கை மீட்கப் பல மாதங்கள் ஆகும்.

புகார் செய்ய செபியின் ஸ்கோர்ஸ் இணையதளம் இருக்கிறது. 2023 முதல் இணையவழிச் சமரசமும் நடுவர் தீர்ப்பும் உண்டு. நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்த அம்மாவால் தனியாக அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுத முடியாது. கொச்சியிலும் சென்னையிலும் மூடிய சந்தைகள் இனித் திறக்கப்போவதில்லை. அதைக் கேட்டு நான் எழுதவும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு முறையீட்டு மேசை வேண்டும். தமிழில் படிவம், எதிரில் அமர்ந்து கேட்க அதிகாரமுள்ள ஓர் ஆள், கொடுத்த மனுவுக்குத் தேதி போட்ட ரசீது. மும்பையில் குவிந்திருக்கும் வருமானத்தில் இதற்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல.