உறுமியின் இரண்டு முகங்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் வைத்துத்தான் அந்த உறுமி மேளத்தைப் பதிவு செய்தோம். வாசித்தவர் முப்பது ஆண்டுகளாகத் தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடிகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டே போகிறவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்த உறுமல் பிறப்பது தேய்ப்பில்தான். முகத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வைத்தேன். பிறகு ஒன்றை இடக் காதுக்கும் மற்றதை வலக் காதுக்கும் அனுப்பி, அடியில் நிமிடத்துக்கு 128 துடிப்புள்ள டெக்னோ என்னும் மின்னணு நடன இசைத் தாளத்தை ஓடவிட்டேன். ஹெட்போனில் கேட்டபோது உடல் சிலிர்த்தது. இசைத்தட்டுகளை வெளியிடும் என் லேபிளின் அடுத்த தட்டு இதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

வெளியிடும் முன் ஓர் இரவு விடுதியில் இசைத்துப் பார்த்தேன். உறுமி வந்த இடத்தில் வறண்ட தேய்ப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. அடிவயிற்றில் இறங்கவேண்டிய ஒலியைக் காணோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் ஓடி வந்து, பெட்டி தூக்க உதவிக்கு வந்திருந்த என் தம்பியிடம் என்ன கோளாறு என்று கேட்டார். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவிக்கு முன்னால் நின்றவள் நான். 12 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது இன்னும் வலிக்கிறது. தம்பி பேசாமல் என்னைக் கைகாட்டினான்.

கோளாறு என்னுடையதுதான். பல விடுதிகளில் இடது, வலது ஒலிகளைக் கூட்டி மோனோவாகத்தான் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறார்கள். எந்த மூலையில் நின்றாலும் ஒரே ஒலி கேட்கவேண்டுமே. மேளத்தின் ஒரு முகம் உள்ளே அமுங்கும்போது மறுமுகம் வெளியே தள்ளும். இரண்டு மைக்குகளும் நேரெதிரான அலைகளைப் பிடித்திருந்தன. கூட்டியதும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. மறுநாள் கணினியில் ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கினேன். உறுமி திரும்பி வந்தது. ஒரே ஒரு பொத்தான்!

அப்படியே இசைத்தட்டாக அச்சிட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இரு பக்கமும் ஒத்துப்போகும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும். எதிரெதிரான ஒலி மேலும் கீழுமாகத் தூக்கும். கனத்த ஒலி அப்படித் தூக்கினால் ஊசி ஓடும் வரிப்பள்ளத்தின் ஆழம் குறைந்து ஊசி தாவிவிடும். 300 தட்டுகளுக்குப் பணம் கட்டும் நிலையில் இருந்தேன். தாவுகிற ஒவ்வொரு தட்டிலும் அண்ணனின் பெயர் இருந்திருக்கும்.

அவர் பெயரை நான் இசையமைப்பாளர் என்றே போட்டேன். மேளக்காரரின் உழைப்பை எடுத்துக்கொண்டு, அவரை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் தள்ளும் வழக்கம் எனக்கு ஒப்பாது. 1982இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 என்னும் மின்னணு இசைக் கருவிகளை வைத்து ராகங்களைப் பதிவு செய்தார். 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் அது பரவலாகப் பேசப்பட்டது. 28 ஆண்டுகள்! நான் லேபிள் தொடங்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். வருமானத்தில் செலவு போக மிஞ்சுவது பாதிப் பாதி. இணையத்தில் இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் என்பது வரை அண்ணனிடம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திருத்திய பதிவை அதே கொட்டகையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“தேய்ப்பு நன்றாக வந்திருக்கிறது, தங்கச்சி. ஆனால் நாலாவது சுற்றில் நான் ஓர் அடி விட்டேனே, அது எங்கே?”

அந்த இடத்தில் வேறொரு சுற்றிலிருந்து ஓர் அடியை வெட்டி ஒட்டியிருந்தேன். சொன்னேன்.

“அதை எடுத்துவிடு. அங்கே நான் மூச்சு வாங்கினேன்.”

எடுத்துவிட்டேன். தட்டிலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. விடுதியில் இசைக்கும்போது நாலாவது சுற்று வந்தால் மிக்சரிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.