அஞ்சு நிமிசத்தில் ஒரு நீலி

"ஐந்து நிமிடம் போதும். ரொம்பச் சோகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கேமரா ஸ்டாண்டை மடக்கப் போய்விட்டாள் அந்தப் பெண். வில்லுப்பாட்டை ஐந்து நிமிடத்தில் பாடித் தரும்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. சொல்லப்போனால் வில்லுப்பாட்டைப் பாடும்படியே யாரும் கேட்டதில்லை. நான் ஒரு நர்ஸ். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம். இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் கடற்கரையில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் வேலை.

இங்கே ஊருக்கு ஊர் இப்படி ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. பழைய பாட்டும் கதையும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை விட்டு அவர்களிடம் கேள்வி கேட்க வைக்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிப் படமாக்கி, ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்டி, டீயும் கேக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள். காசுக்கு என்ன செய்வார்கள் என்று விசாரித்தேன். லாட்டரி! தேசிய லாட்டரிச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கு 1994 முதல் இதுமாதிரி மரபுக் காரியங்களுக்குப் போகிறதாம். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் களியக்காவிளை தாண்டிப் போய்க் கேரளா பம்பர் வாங்கி வந்த சித்தப்பா எனக்கு உண்டு. அவர் விட்ட காசில் எங்கள் கோயிலுக்குப் பத்துக் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்திருக்கலாம்.

எங்கள் இல்லத்துக்கு அவர்கள் வந்தது ஒரு தாத்தாவுக்காக. தொண்ணூறைத் தொடப் போகிறவர், பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். காலையில் மாத்திரை கொடுக்கும்போது என் பெயர் அவருக்கு ஞாபகம் வராது. பாட்டில் ஒரு வரிகூட மறக்காது. 1951இல் ஈசிங்டன் சுரங்கம் வெடித்து, மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் இறந்தார்கள். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நெஞ்சில் கரித்தூள் அடைந்த மூச்சு. இரண்டு வரிக்கு ஒருமுறை நின்று இளைப்பாறினார். அவரிடம் யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை. பாடி முடித்ததும் கேமராப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்களும் இப்போது இந்த ஊர்தானே, உங்கள் பாட்டும் வேண்டும்" என்றாள். உள்ளம் குளிர்ந்துபோனது. குளிர்ந்தது அடங்குவதற்குள் அந்த ஐந்து நிமிடம் வந்துவிட்டது.

மறுநாள் எனக்கு லீவு. காலையிலேயே மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குத் தம்பி, வில்லுக் குழுவில் குடம் அடிக்கிறவர்.

"அஞ்சு நிமிசமா? மக்ளே, குடத்த வில்லோட சேத்துக் கெட்டவே அஞ்சு நிமிசம் ஆவும்லா. உடுக்கைய அனல்ல காட்டணும். பிள்ளையாருக்குக் காப்பு பாடணும். சபைக்கு வணக்கம் சொல்லணும். கொடை நடத்துகவங்க பேரெல்லாம் சொல்லணும். ஒருத்தன் பேரு விட்டுப்போச்சுன்னா அடுத்த வருசம் நம்மள விளிப்பானா?"

"சிரிப்பா இருந்தா நல்லதுன்னு சொல்லுதாவ மாமா."

"கலைவாணர் எடுத்த வில்லு பிள்ளே இது. சிரிப்புக்கா பஞ்சம்? ஆனா சிரிக்க வைக்கதுக்கும் நேரம் வேணும், கேட்டியா."

1908இல் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் 1957இல் போய்விட்டார். மாமா அதற்கப்புறம்தான் பிறந்தார். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தது மாதிரிதான் பேசுவார்.

மாமா சொன்னதில் மிகையில்லை. எங்கள் கொடையில் வில் கட்டுவதைப் பார்க்கவே சின்ன வயதில் பாயோடு போய் இடம் பிடிப்போம். முதலில் குடத்தை மணலில் இருத்தி அசைத்து அசைத்துப் பார்ப்பார்கள். அதன் மேல் வில்லின் நடுத்தண்டு வரும்படி வைத்துக் கட்டுவார்கள். வில்லில் தொங்கும் மணிகள் ஒவ்வொரு அசைவுக்கும் தாங்களாகவே பேசும். மாமா ஒரு கையில் மட்டையால் குடத்து வாயில் ஓர் அடி வைத்துப் பார்ப்பார். மறு கையில் இருக்கும் காசால் குடத்தின் கழுத்தில் ஒரு தட்டு. 'தும்' என்று அடியில் ஒரு சத்தம், 'ணிங்' என்று மேலே ஒரு சத்தம். திருப்தி இல்லையென்றால் கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். பிறகுதான் தலைமைப் பாடகரான அண்ணாவி, வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைக் கையில் எடுப்பார்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் சரியாக வராமல் விழுங்கியது இதுதான். எங்கள் பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் சும்மா ஓசிக்குக் கேட்கிறவர்கள். பாடுவது எதிரே பீடத்தில் நிற்கும் மாடனுக்கும் இசக்கிக்கும். சுடலைமாடன் பிறக்கிற இடம் வரும்போது சாமியாடியின் கால் கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறதா என்று அண்ணாவி ஓரக்கண்ணால் பார்ப்பார். துடிக்காவிட்டால் அதே இடத்தையே வேகம் ஏற்றித் திரும்பத் திரும்பப் பாடுவார். உடுக்கை ஏறும், குடம் ஏறும், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை விடுவார்கள். சாமி இறங்கிய பிறகுதான் கதை அடுத்த அடி நகரும். எவ்வளவு நேரம் என்று மாடன்தான் சொல்ல வேண்டும். நான் யார்?

சரி, இவ்வளவு பேசுகிறேனே, கொடைக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்காதீர்கள். இப்போது போனில்தான் கொடை. யாராவது ஒரு பையன் யூடியூபில் நேரலை போட்டுவிடுகிறான். இப்போதெல்லாம் இளம் பெண்களே அண்ணாவி இடத்தில் உட்கார்ந்து வீசுகோல் பிடிக்கிறார்கள். என்ன ஒரு குரல்! என் காலத்தில் அந்த இடத்துக்கு ஆசைப்படலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. ஒரே சங்கடம் நேரம்தான். வைகாசியில் ஊரில் நடுராத்திரி 12 மணி என்றால் இங்கே சாயங்காலம் 7.30. ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத நாட்கள் அவை. அங்கே தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மாடன் சுடுகாட்டு வேட்டைக்குக் கிளம்புவான். இங்கே ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருப்பார். வெயிலில் மாடனுக்குப் பயப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

போன வருடம் இல்லத்தின் ஓய்வறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி வந்த வேகத்தில் என்னை அறியாமல் வாய் குரவை விட்டுவிட்டது. யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று மேனேஜர் ஓடிவர, அவள் பின்னால் இரண்டு பேர் ஓடிவர, ஒரே களேபரம். ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் சாமிக்கு இப்படிச் செய்வோம் என்றேன். மேனேஜர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்றாள். அப்புறம் அவளும் முயன்றாள். சேவல் கூவியது.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. கியூவில் நிற்க வரும், மழையைத் திட்டிப் பேச்சைத் தொடங்க வரும். வண்டியை எடுத்துக்கொண்டு நியூகாசிலுக்குப் போனால் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கும் துருவிய தேங்காயும் கிடைக்கின்றன. சாயங்காலம் கடற்கரையில் நடக்கப் போவேன். சுரங்கங்கள் ஓடிய காலமெல்லாம் கழிவை இந்தக் கடற்கரையில்தான் கொட்டினார்கள். டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசி ஆழ்சுரங்கம் 1993இல் மூடிய பிறகு பெரிய செலவில் சுத்தம் செய்திருக்கிறார்கள். இன்னமும் அலை வாங்கும் இடத்தில் கறுப்புக் கோடு தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மணவாளக்குறிச்சி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நம் கருமணல் கடல் கொண்டுவந்து சேர்த்தது, இது மனுசன் கொட்டியது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் கால் வித்தியாசம் பார்ப்பதில்லை. குளிர் மட்டும் ஏறும். அம்மா மண்டைக்காட்டுக் கடலில் கால் நனைக்கும்போது புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மறு கையால் பிடிப்பாள். அது நினைவுக்கு வந்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் நடக்க முடியவில்லை. பழகிவிட்டது என்றுதானே சொன்னேன்? ஆமாம்.

ஐந்து நிமிடத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'சோகமாக வேண்டாம்' என்றதுதான் நாள் ஆக ஆக உறுத்தியது. ஏனென்றால் இதே படத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் சொன்ன கதையை நான் கேட்டேன். லாம்ப்டன் என்ற பிரபு வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வேர் என்ற ஆற்றில் தூண்டில் போடுகிறான். புழு போல ஒன்று மாட்டுகிறது. அதைக் கிணற்றில் வீசிவிட்டுச் சிலுவைப் போருக்குப் போய்விடுகிறான். புழு வளர்ந்து குன்றைச் சுற்றிக்கொண்டு கன்று, ஆடு, குழந்தை என்று எல்லாவற்றையும் விழுங்குகிறது. திரும்பி வந்தவனுக்கு ஒரு சூனியக்காரி வழி சொல்கிறாள். கொன்றதும் எதிரே வரும் முதல் உயிரை வெட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நாயை அவிழ்த்துவிடச் சொல்லி வைத்திருக்கிறான். மகன் பிழைத்த சந்தோஷத்தில் அப்பாதான் முதலில் ஓடிவருகிறார். வெட்ட மனம் வரவில்லை. ஒன்பது தலைமுறைக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் படுக்கையில் சாக மாட்டார்கள் என்று சாபம் விழுகிறது. இதை ஏழு வயதுப் பிள்ளைகள் அட்டைப் புழு செய்து ஆடிக்கொண்டு பாடுகிறார்கள்! குழந்தையை விழுங்கும் இடத்தில் கைதட்டல். இவர்களுக்கு எங்கள் வில்லுப்பாட்டில் வரும் நீலி கதை சோகமாம்.

ஆனால் இவர்களுக்கும் நேரம் பார்க்காத நாள் ஒன்று இருக்கிறது. ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, டர்ஹாம் நகரில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா. 1871இல் தொடங்கியது. சுரங்கமே இல்லாமல் போன பிறகும் ஊர் ஊராகப் பித்தளை வாத்தியக் குழுவும் பெரிய பட்டுக்கொடியுமாகக் கிளம்பி வருகிறார்கள். வழியில் ஒரு ஹோட்டல் பால்கனி முன்னால் ஒவ்வொரு குழுவும் நின்று தன் பாட்டை வாசிக்கிறது. பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த வருடம் சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால் அந்த ஊர்க் கொடியில் கறுப்புத் துணி சுற்றி வருவார்களாம். தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய ஊர்க் கொடி வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார். நான் சட்டென்று செருப்பைக் கழற்றினேன். சுசீந்திரம் தேரோட்டத்தில் தேர் வந்தால் செய்கிற பழக்கம்.

அப்புறம் பதிவு நாள் வந்தது. பாட முடியாது, கதை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தாசி மகளை ஆசைகாட்டி அழைத்துப் போய்க் கள்ளிச்செடி அருகே கல்லால் கொன்று நகையைப் பறித்தவன் கதை. செத்தவள் நீலியாகப் பிறந்து, மறுபிறவியில் வியாபாரியாக வந்தவனை வழிமறிக்கிறாள். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருசன்' என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்கிறாள். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்று தாவுகிறது. பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி மூன்று பேரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும். முப்பந்தலில் இசக்கியாக இருக்கிறாளே, ஆரல்வாய்மொழி வழியாகப் போகும் எந்த டிரைவராவது அவளுக்கு வண்டியை நிறுத்தாமல் போவாரா?

முழுவதையும் சொன்னேன். படத்தில் கதவைச் சாத்தும் இடத்தோடு வெட்டிவிட்டார்கள். சோகத்துக்குப் பயந்து வெட்டினார்களோ, நேரத்துக்கு வெட்டினார்களோ தெரியாது. ஆனால் அதைவிட நல்ல வெட்டை எந்த அண்ணாவியும் செய்திருக்க முடியாது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் நான் டீயைக் கையில் எடுப்பதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். உள்ளே என்ன ஆனது? சொன்னேன். நீலி அவன் குடலைக் கிழித்ததையும் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேமராப் பெண்ணும் கேக் தட்டோடு வந்து நின்று கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு தாத்தாவின் தங்கை, எண்பது வயதுக்காரி, ஒரு கேள்வி போட்டாள்.

"அது சரி, அந்தப் பிள்ளை என்ன ஆனது?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ கொடையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். கேட்கத் தோன்றியதே இல்லை. மாமாவிடம் கேட்டேன். அவரும் ஒரு நிமிடம் பேசவில்லை. "கொப்புலா மக்ளே அது, கொப்பாத்தான் ஆயிருக்கும்... இரு, விசாரிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து கோட்டாறு டீக்கடையில் இதே பஞ்சாயத்துதானாம். ஒரு அண்ணாவி, அது கொப்புதான், அடுப்பில் போயிருக்கும் என்கிறார். இன்னொருவர், இசக்கி சிலையில் இடுப்பில் இருக்கிறதே, அது வேறு யார் என்று சண்டைக்கு வருகிறார். மூன்றாமவர், பிள்ளைக்கென்று தனியாக ஒரு பாட்டே இருந்தது, தன் ஆசானுக்குத் தெரியும், ஏட்டில் தேட வேண்டும் என்று கிளப்பிவிட்டிருக்கிறார். மாமாவுக்கு இப்போது தூக்கமில்லை.

"அந்தப் பாட்டிகிட்டயே கேளு பிள்ளே, இந்த மாதிரி பிள்ளைய அவங்க ஊருல என்ன செய்வாவன்னு."

செவ்வாய்க்கிழமை அண்ணனைப் பார்க்க அவள் இல்லத்துக்கு வருவாள். கேட்டுச் சொல்ல வேண்டும்.