அப்பப்பாவின் நீலக் கண்ணை விற்ற கதை

படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் 1968 என்று எழுதினேன். அந்த நான்கு இலக்கத்தால் எனக்கு ஐந்து மாதம் போனது.

அப்பா போனபிறகு லண்டன் டூட்டிங் வீட்டை ஒதுக்கியபோது, கண்ணாடி அலுமாரியில் இருந்த இரண்டு எகிப்துச் சாமான்கள் என் பங்குக்கு வந்தன. ஒன்று உள்ளங்கை நிறையக் கருங்கல் வண்டு, அடியில் முழுக்கச் சித்திர எழுத்து. மற்றது 3 செ.மீ. நீளமுள்ள நீலப்பச்சைக் கண். மேலே புருவம், கீழே ஒரு சுருள், நூல் கோர்க்க ஒரு துளை. அப்பப்பா கப்பலில் லண்டன் வரும்போது எகிப்தில் வாங்கியவை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையை யாரிடமும் சரிபார்க்காமல் விட்டதுதான் என் முதல் பிழை.

இரண்டாவது பிழை, அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனது. விற்கப்போகும் பொருளுக்கு அவர்கள் விலையும் சொல்லமாட்டார்கள், உண்மையா பொய்யா என்றும் சொல்லமாட்டார்கள். வாசலில் இருந்தவர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். தொலைபேசியில் கேட்டிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். அடுத்துப் போன பழம்பொருள் கடையில் இரண்டையும் சேர்த்து 40 பவுண் தருவதாகச் சொன்னார்கள். "சுற்றுலாச் சாமான், கண்ணுக்கு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வண்டை மேசையில் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

விற்க முன்னர் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் லண்டனில் போகவேண்டிய இடம் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் பெட்ரி அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. நம் கையில் இருப்பதைப் போன்ற தாயத்துகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக இருக்கும். அங்கே ஒரு மணி நேரம் நின்றபோதுதான் அந்தக் கடைக்காரர் ஏன் ஜன்னலுக்குப் போனார் என்று எனக்கு விளங்கியது.

ஏல நிறுவனத்தில் எனக்கு வாய்த்த நிபுணர் நல்ல மனிதர். வண்டை எடுத்தார், திருப்பினார், வைத்தார். பத்து விநாடி இருக்காது. எழுத்துகள் எழுத்தைப் போலவே இருக்கின்றன, ஆனால் வாசித்தால் ஒரு சொல்லும் வராது என்றார். லக்ஸர் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சுற்றுலாப் பயணிகளுக்காக இதைச் செதுக்கி வருகிறார்களாம். சின்ன வயதில் அதைத் தொட்டால் அம்மா அடிப்பார்!

கண்ணை மட்டும் அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அது கல் அல்ல, ஃபயான்ஸ். அரைத்த படிக மணலோடு சோடா உப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, களிமண் அச்சில் அழுத்திச் சுடுவது. நீலம் செம்பிலிருந்து வருகிறது. அச்சில் செய்ததால் இது மலிவான சாமான், ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்கள். கி.மு. 664-க்கும் 332-க்கும் இடைப்பட்டதாக இருக்கும் என்றார். பெயர் வெட்ஜத், 'பழுதில்லாதது' என்று பொருள். சேத் என்ற எகிப்துக் கடவுளோடு நடந்த சண்டையில் ஹோரஸ் என்ற கடவுள் கண்ணை இழக்க, தோத் என்ற இன்னொரு கடவுள் அதைச் சரிசெய்து கொடுத்த கதை. உயிரோடு இருந்தவர்களும் கட்டிக்கொண்டார்கள், செத்தவர்களின் உடலைச் சுற்றிய துணிக்குள்ளும் வைத்தார்கள். நமது ஆட்கள் பிள்ளைக்கு அச்சரக்கூடு கட்டுவதை நினைத்துக்கொண்டேன்.

கழுவினீர்களா என்று கேட்டார். வெறும் தண்ணீரில்தான் என்றேன். முகத்தில் ஒரு வலி தெரிந்தது. தயவுசெய்து யாரும் கழுவாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். ஊத்தை என்று நாம் நினைப்பது அவர்களுக்குச் சாட்சி.

இதுவரை எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்தது. அப்புறம்தான் படிவம்.

எகிப்து 1983-இல் 117-ஆம் இலக்கச் சட்டத்தால் தொல்பொருள் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்னர் உரிமம் பெற்ற கடைகள் இருந்தன, கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள்ளேயே 1979 வரை ஒரு விற்பனை அறை இருந்தது. ஆகவே எகிப்தை விட்டு எப்போது வெளியே வந்தது என்பதுதான் கேள்வி. இந்த நிறுவனம் இன்னும் கடுமை: தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-க்கு முன்னர் வெளியேறியதாகத் தாளில் காட்டவேண்டும். அப்பா எப்போதும் "அறுபத்தெட்டில் வந்தனாங்கள்" என்பார். நானும் '1968, கப்பலில் வரும்போது, போர்ட் சயிதில் வாங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று கிழமை கழித்து வந்த மின்னஞ்சலில் இரண்டே வரி. 1967 ஜூனிலிருந்து 1975 ஜூன் வரை, போர்ட் சயித் துறைமுகம் இருக்கும் சூயஸ் கால்வாய் மூடியிருந்தது. எனவே இந்தப் பொருளை ஏற்க முடியாது.

ஆறு நாள் போரில் மூடிய கால்வாயில் கப்பல்கள் எட்டு வருடம் சிக்கிக் கிடந்த கதையைப் பிறகு வாசித்தேன். படிவம் நிரப்ப முன்னர் வாசித்திருக்க வேண்டியது. பதறிப்போய் நேரே போனால், முன்மேசையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "திகதியை மாற்றி எழுதப்போகிறீர்களா?" என்று கேட்டார். அந்த 'மாற்றி'யில் ஒரு அழுத்தம். கள்ளனைப் போல நின்றேன். 1970-க்குச் சரியாக இரண்டு வருடம் முன்னால் என்று எழுதியதே அவருக்குச் சந்தேகம். நிபுணர் லீவில் இருந்தார். கண்ணைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அன்றிரவு டொராண்டோவுக்கு, அப்பாவின் சகோதரியான மாமிக்கு அடித்தேன். கதையைக் கேட்டுவிட்டு மாமி சிரித்தார்.

"தம்பி, அறுபத்தெட்டில நாங்கள் ஆபிரிக்காவைச் சுத்தியெல்லோ வந்தனாங்கள். கேப் டவுனில மேசை மாதிரி ஒரு மலை பார்த்தனான், எனக்கு எட்டு வயசு. உந்தக் கண் அதுக்கு முதலே யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில இருந்தது. அப்பா அறுபத்தொண்டில தனிய லண்டனுக்குப் படிக்கப் போகேக்க வாங்கினவர்."

ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு! இதை முதலே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அதோடு நிற்கவில்லை. அப்பப்பாவின் பழைய கடவுச்சீட்டு மாமியிடம் இருந்தது, கூடவே அவர் அப்பம்மாவுக்கு எழுதிய வான்மடல்களும். "அதெல்லாம் எங்கட சூட்கேசுக்குள்ள கிடக்கு, உனக்கு என்ன அவசரம்?" என்று மூன்று கிழமை இழுத்தடித்துவிட்டு, கடைசியில் கூரியரில் அனுப்பினார். கடவுச்சீட்டில் சூயஸில் இறங்கிய முத்திரை, மறுநாள் போர்ட் சயிதில் ஏறிய முத்திரை. அந்தக் காலத்தில் கப்பல் கால்வாயைக் கடக்கும் நேரத்துக்குள் பயணிகளைக் காரில் கெய்ரோவுக்குக் கூட்டிப்போய்ப் பிரமிட்டையும் அருங்காட்சியகத்தையும் காட்டி, மறுமுனையில் ஏற்றிவிடுவார்கள். ஆக, வாங்கியது போர்ட் சயிதிலும் அல்ல, கெய்ரோவில். வான்மடலில் வெளிப்படையாகவே இருந்தது: 'அருங்காட்சியகத்துக்கு எதிர்க்கடையில் ஐம்பது பியாஸ்தருக்குக் கண் போல ஒரு நீலக் கல்லும் பெரிய வண்டு ஒன்றும் வாங்கினேன். வண்டுதான் விலை கூட.'

பாவம் அப்பப்பா.

தமிழ்க் கடிதத்தை அப்படியே ஏற்கமாட்டார்கள், சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். அரைப் பக்கத்துக்கு 60 பவுண். மொழிபெயர்த்தவர் 'நீலக் கல்' என்றதை அப்படியே கல் என்று எழுத, இவர்கள் பட்டியலில் ஃபயான்ஸ் என்று இருக்க, இரண்டும் ஒன்றுதானா என்று இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அப்பப்பா கணக்குப் படிக்கப் போனவர், மட்பாண்டம் படிக்கப் போனவர் அல்ல என்று பதில் எழுதினேன். அதற்கும் ஒரு கிழமை.

இந்தமுறை தாள்களை முன்மேசையில் கொடுக்காமல், நிபுணருக்கு நேரம் குறித்து அவர் கையிலேயே கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வான்மடலின் மூலையில் ஒரு தேநீர்க் கறை. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். 1990-களில் பிடிபட்ட பிரிட்டிஷ் கடத்தல்காரர் ஒருவர், 'தாமஸ் அல்காக் சேகரிப்பு' என்று இல்லாத ஒரு சேகரிப்பை உண்டாக்கி, அதற்குப் பழைய சீட்டுகள் செய்து, தேயிலைப் பையால் தடவிப் பழசாக்கினாராம். அவரோடு கூட்டாக வியாபாரம் செய்த நியூயார்க் வியாபாரி 2002-இல் தண்டிக்கப்பட்டார். எங்கள் கறை மாமி வைத்த கறை என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது.

ஆனால் கடவுச்சீட்டு முத்திரையில் நிபுணரின் விரல் நின்ற இடம் எனக்கு இனித்தது. அதில் நாட்டின் பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு. 1958-இலிருந்து 1971 செப்டம்பர் வரை எகிப்தின் பெயர் அதுதான். நியூயார்க்கின் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகம் 2017-இல் வாங்கிய பொன்முலாம் பூசிய சவப்பெட்டியைத் திருட்டுப் பொருள் என்று 2019-இல் எகிப்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. அதன் ஏற்றுமதி உரிமம் போலி. 1971 மே மாதத் திகதியிட்ட அந்தத் தாளில், அப்போது நாட்டுக்கு இன்னும் வைக்கப்படாத பெயரோடு முத்திரை குத்தியிருந்தார்கள். பல இலட்சம் டொலர் தாளில் விட்ட பிழை எங்கள் அப்பப்பாவின் கடவுச்சீட்டில் இல்லை.

ஒக்டோபரில் ஏலம் போனது. களவுபோன பொருட்களின் பதிவேட்டில் தேடியது, படம் எடுத்தது எல்லாம் அவர்கள் வேலை. 200 முதல் 300 என்று மதிப்பிட்டது 420 பவுணுக்குப் போனது. ஒன்றரை நிமிடம். இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த நான் தேநீரைக் கொட்டினேன், நல்லகாலம் கடிதத்தில் இல்லை.

முடிந்தது என்று நினைத்தால், வாங்கியவர் பிரான்ஸ்காரர். 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 250 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் எதுவும் இறக்குமதி உரிமம் இல்லாமல் போகாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. முழு விண்ணப்பம் போனபிறகு முடிவுக்கு 90 நாள் வரை எடுக்கலாம். விண்ணப்பிப்பது அவர், தாள் தேடுவது நான். உரிமம் வரும்வரை காசு கட்ட அவருக்கு நிறுவனம் அவகாசமும் கொடுத்துவிட்டது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். கையெழுத்துப் போட முன்னர் ஒப்பந்தத்தில் இதைத் தேடிப் பாருங்கள். பத்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

1972 ஏப்ரல் 24-க்கு முன்னர் பிறந்த நாட்டை விட்டு வந்த பொருளுக்கு ஒரு சலுகை உண்டு. கடைசியாக ஐந்து வருடத்துக்கு மேல் இருந்த நாட்டிலிருந்து ஒழுங்காக வெளியேறுவதாகக் காட்டினால் போதும். ஐந்து வருடம் லண்டனில் இருந்ததற்கு என்ன சாட்சி? மறுபடியும் மாமி. 1984-இல் என் ஐந்தாவது பிறந்தநாள் படம். கேக், நான், பின்னால் கண்ணாடி அலுமாரி. அதற்குள் வண்டு பெரிதாக, பக்கத்தில் கண் ஒரு நீலப் புள்ளியாக. பெரிதாக்கிப் பார்த்தால் புருவமும் தெரிந்தது.

ஜனவரி கடைசியில் உரிமம் கிடைத்தது, போன கிழமை காசு வந்தது. 420-இல் நிறுவனத்தின் 15 வீதம் 63, அதற்கு வரி 12.60, படத்துக்கு 20. கைக்கு வந்தது 324.40. மொழிபெயர்ப்பு 60, மாமியின் கூரியர் 48 கழித்தால் 216 பவுண் சொச்சம். லீவு எடுத்த நாட்களை நான் எண்ணவில்லை.

மாமிக்குச் சொன்னேன். பாதியை அனுப்பவா என்றும் கேட்டேன்.

"காசு கிடக்கட்டும். அந்த வண்டை என்ன செய்தனீ?"

சமையலறை ஜன்னலில் இருக்கிறது என்றேன்.

"அதை எனக்கு அனுப்பு. அதைத்தான் அப்பா கூட விலை குடுத்து வாங்கினவர்."

நாளைக்குக் கூரியர் கடைக்குப் போகவேண்டும். சுங்கப் படிவத்தில் 'நினைவுப்பொருள், கல்' என்று எழுதப்போகிறேன். வருடக் கட்டம் இருந்தால் மாமியைக் கேட்டபிறகுதான் நிரப்புவேன்.