பாசி அதே பாசிதான்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டங்களைக் கவனிக்கும் பிரிவில் எனக்கு வேலை. பேராசிரியர்கள் தில்லிக்கு அனுப்பும் விண்ணப்பங்களின் பட்ஜெட் பக்கத்தைச் சரிபார்ப்பேன். பணம் வந்தால், மார்ச் முடிந்ததும் கணக்குக் காட்டிப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவேன். அறிவியல் எனக்கு அரைகுறைதான். ஆனால் எந்த ஆண்டில் எந்த அறிவியலுக்குக் காசு என்பது கோப்புகளின் தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குளத்துப் பாசிகளை இனம் காண்பதில் கைதேர்ந்த பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். மாவட்டத்துக் குளங்களின் பாசிப் பட்டியல் என்று அவர் நேர்மையாக எழுதிய விண்ணப்பம் ‘புதுமை போதாது’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. 2007-ல் மத்திய அரசு நானோ இயக்கம் என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்றது. பாசிச் சாற்றிலிருந்து வெள்ளி நானோ துகள் என்று எழுதினார், கிடைத்தது. அடுத்து பாசியிலிருந்து எரிபொருள். பிறகு நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்துப் பாசியை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு. குளமும் அதேதான், குப்பிகளும் அவைதான். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொன்ன வேலையையும் முடித்தார், இடையில் தன் பட்டியலையும் வளர்த்துக்கொண்டார்.

எதற்குப் பணம் என்பதெல்லாம் நிபுணர் குழுவின் முடிவு என்பார்கள். குழு தன் துறைக்குள் வந்த விண்ணப்பங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். பாசிக்கா, ராக்கெட்டுக்கா என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவதே இல்லை. அது பட்ஜெட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. மத்திய அரசின் முக்கிய அறிவியல் துறைகள் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில் பாதிக்கு மேல் பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி மூன்றுக்கும் போய்விடுகிறது. ஆய்வகங்களும் சம்பளப் பட்டியலும் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் பணத்தைக் குறைப்பது எளிதா என்ன? நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவே 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். இதற்குள்தான் புதிய இயக்கங்களும் வருகின்றன: 2023-ல் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கு, 2031 வரைக்குமாக, ஏறக்குறைய 6,000 கோடி. குவாண்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாசிப் பேராசிரியருக்குப் பின் அந்த நுண்ணோக்கியின் முன்னால் உட்கார ஒரு மாணவர்கூட இல்லை. அத்தனை பேரும் மென்பொருள் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி. அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். பாசிப் பட்டியலுக்கு எந்த நிறுவனம் பணம் தரும் என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

“கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று போடுவோமே, சார்” என்றார்.