தேய்ந்த கோரைப்பல் சொல்வது

"தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?" என்று கேட்டால், "சேச்சே, அதெல்லாம் இல்லை டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பொய்யில்லை. தூங்குகிறவருக்குத் தன் வாய்ச் சத்தம் எப்படித் தெரியும்? பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் உண்டு. இல்லாவிட்டால் பல் காட்டிக்கொடுக்கும். கூராக இருக்கவேண்டிய கோரைப்பல்லின் நுனி மழுங்கி, மேல்பூச்சான எனாமல் போன இடத்தில் அதற்கு அடியில் இருக்கும் டென்டின் மஞ்சளாகத் தெரியும். தாடையைப் பக்கவாட்டில் லேசாக நகர்த்தச் சொன்னால், மேல்பல் தேய்ந்த இடமும் கீழ்ப்பல் தேய்ந்த இடமும் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் தேய்மானம் என்பது பழைய கணக்கு. இப்போதும் கடிக்கிறாரா என்பது அதில் இருக்காது. அதனால் கன்னத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். "பல்லை இறுக்குங்கள்" என்றதும் சிலருக்குத் தசை கல்லு மாதிரி புடைக்கும். அழுத்தினால் முகத்தைச் சுளிப்பார்கள்.

இப்படித்தான் ஒருவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்று வந்தார். எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை, பல்லைத் தட்டினாலும் வலி இல்லை. கன்னத்துத் தசையை அழுத்தியதும், "அதே வலிதான் டாக்டர்!" என்றார். தசைவலி பல்வலியாக வேஷம் போடுவது புதிதல்ல. இதை நம்பி நல்ல பல்லைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

அவரிடம், "இந்த நிமிஷம் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?" என்று கேட்டேன். "ஆமாம், தொட்டுக்கொண்டுதானே இருக்கணும்?"

இருக்கக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். மற்ற நேரத்தில் உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். கணினித் திரையை முறைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இதை அறியாமலே மணிக்கணக்கில் பல்லை இறுக்கி வைத்திருக்கிறார்கள். சத்தமே வராததால் யாரும் கவனிப்பதில்லை. 'ம்' என்று சொல்லிவிட்டு வாயை அப்படியே விடுங்கள், அதுதான் தாடையின் ஓய்வு நிலை என்பேன். போன் அடிக்கும்போதெல்லாம் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வேன். எளிய வைத்தியம் என்பதாலேயோ என்னவோ, இதற்கு மதிப்புக் குறைவு.

தூக்கத்தில் கடிப்பது வேறு விஷயம். அதை மனத்தால் நிறுத்த முடியாது. உறக்கம் சில நொடிகள் லேசாகக் கலையும்போது முதலில் இதயத்துடிப்பு கூடுகிறது, அப்புறம்தான் தாடை அசைகிறது. தொடக்கம் பல்லில் இல்லை. ஆகவே பல்வரிசை கோணலாக இருப்பதுதான் காரணம் என்று பல்லை ராவிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிகரெட், மது, மாலைக்குப் பிந்திய காபி, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம் (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்). பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவேன்.

தூங்கும்போது பல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் அக்ரிலிக் உறையான நைட் கார்டைப் போட்டால் கடிப்பது நின்றுவிடும் என்று நம்பி வருகிறார்கள். நிற்காது. பல்லுக்குப் பதில் அக்ரிலிக் தேயும், அவ்வளவுதான். சில பற்களை மட்டும் மூடும் கார்டை நீண்ட நாள் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதமே மாறிவிடக்கூடும் என்பதால் முழு வரிசைக்கும் அளவெடுத்துச் செய்கிறேன். ஒவ்வொரு முறை வரும்போதும் அதைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன். கீறல் விழுந்திருந்தால் உழைக்கிறது என்று அர்த்தம். புத்தம் புதிதாகப் பளபளத்தால், "ராத்திரி போடுகிறீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி.