நான் ஒரு தடவை, ஆச்சி பதினொரு தடவை

இலங்கையின் சிவனொளிபாதமலை அடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணி என்ற ஊரிலிருந்து இரவு 1 மணிக்கு ஏறத் தொடங்கினோம். படிகள் 5,000-க்கும் மேல். "சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்தானே" என்று வீட்டில் வாய் காட்டியது நான்தான். பாதி வழியில் தேத்தண்ணிக் கடை வாங்கில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்ததும் நான்தான். வெறுங்காலோடு கடந்துபோன ஓர் ஆச்சி, "மெல்ல வா மகன், மலை எங்கயும் ஓடாது" என்றார். கேபிள் கார் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

உச்சியில் குளிரில் பல் தந்தியடித்தது. சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே பார்க்க, நான் மேற்குப் பக்கம் போனேன். மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் கூரான முக்கோணமாக விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரந்தான்.

அப்புறம் மணி. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். நான் ஒன்று. ஆச்சி அடிக்க அடிக்க எண்ணினேன், பதினொன்று!