ஒரு டப்புக்கு எத்தனை டிக்? அப்பாவின் புல்லட்டில் சத்தம் தேடிய மூன்று ஞாயிறு

வண்டி 1994 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சிசி, கியர் வலது காலில். அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இன்ஜினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "கிராங்க் போச்சு, இன்ஜினை எறக்கணும்" என்றார்கள். எங்கிருந்து வருகிற சத்தம் என்று தெரியாமல் அப்பா வண்டியைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தெருவில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிறது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"டிக் டிக்குனு வருதுண்ணே."

"அது கெடக்கட்டும் தம்பி. ஒரு டப்புக்கு ஒரு டிக்கா, ரெண்டு டிக்கா?"

இந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது. புல்லட் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை வெடிக்கும். நாம் கேட்கிற ஒவ்வொரு 'டப்'பும் கிராங்கின் இரண்டு சுற்று. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் அதில் பாதி வேகம்தான். அதனால் டப்புக்கு ஒரு டிக் என்றால் வால்வு, அதைத் தள்ளிவிடும் டப்பெட் பக்கம் தேடலாம். டப்புக்கு இரண்டு அடி, அதுவும் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமாக என்றால் பிஸ்டனின் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் ஞாயிறு. ஐடிலிங்கைக் கொஞ்சம் இறக்கிவைத்தேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்டேன். கிராங்க் கேஸில் ஒழுங்கான உறுமல்தான். மேலே ஹெட்டில் டிக் தெளிவாகக் கேட்டது, டப்புக்கு ஒன்று. இடது பக்க மூடியில் மட்டும் தாளமில்லாத ஒரு சலசலப்பு. ஆக, இரண்டு சத்தம். நான் இத்தனை நாளும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

டப்பெட்டாகத்தான் இருக்கும் என்று, மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இன்ஜினின் வலது பக்கத்தில் டப்பெட்டை மூடியிருக்கும் சின்னக் கதவைத் திறந்தேன். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக நகர்த்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். கேமின் அசைவை வால்வு வரை கொண்டுபோகும் கம்பியான புஷ்ராடை இரு விரலால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்லெட் சரி. எக்ஸாஸ்டில் துளி ஆட்டம் இருந்தது. சரிசெய்து லாக் நட்டை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் டிக் அப்படியே இருந்தது. அன்றைக்கு மனசு ரொம்பவே சோர்ந்துபோனது.

இரண்டாம் ஞாயிறு. மெக்கானிக் அண்ணன் சொன்னதை மறுபடி யோசித்தேன். டப்புக்கு ஒரு முறை நடப்பது வால்வு அடி மட்டுமா? புகை வெளியேறுவதும் டப்புக்கு ஒரு முறைதானே! இன்னொன்றும் பிடிபட்டது. டப்பெட் சத்தம் பாரத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. என் சத்தமோ ஏற்றத்தில் திராட்டிலைத் திருகினால்தான் அதிகமாகிறது, சூடு ஏறியபின் கொஞ்சம் அடங்குகிறது.

புல்லட்டில் சைலன்ஸர் பைப் ஹெட்டில் வெறுமனே செருகித்தான் நிற்கும். குளிர்ந்த இன்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தேன். அடிப்பக்கத்தில் டப்புக்கு ஒரு குமிழி! தடிமனான கையுறை போட்டு, ஈரத்துணியால் சைலன்ஸர் வாயை ஒரு நொடி பாதி மறைத்தேன். டிக் உடனே பெரிதானது. பைப்பைக் கழற்றியபோது செருகுகிற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் கரி கோடாக இழுத்திருந்தது. கீழே பைப்பைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்து, ஓட்டத்தில் பைப் ஆடி ஆடி வழி விட்டிருக்கிறது. கரியைச் சுரண்டி, சூடு தாங்கும் பேஸ்ட் பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, போல்ட்டுக்குப் புது ஸ்பிரிங் வாஷர் போட்டேன். காலையில் கிக் அடித்ததும் டிக் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் டேங்கில் கை வைத்து நின்றார்.

மூன்றாம் ஞாயிறு இடது பக்கச் சலசலப்பு. ஐடிலிங்கில் மட்டும் வந்து, வேகம் கூட்டினால் மறைகிறது என்பதால் கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் மேல்தான் சந்தேகம். மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் செயின் இழுபட்டுத் தளரும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் செயின் தொங்கிக்கொண்டிருந்தது. அடியிலுள்ள டென்ஷனரை ஏற்றி, கால் அங்குலம் ஆடும்படி வைத்தேன். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். சலசலப்பு முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்குப் புதுச் செயின்தான் வழி, சொல்லிவைத்திருக்கிறேன்.

காலையில் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு பிஸ்டன் லேசாகத் தட்டுகிறது. சூடானதும் நின்றுவிடுகிறது, அதனால் இப்போது சிலிண்டரின் உள்துளையை (போர்) தொடப்போவதில்லை. ஹெட், கிராங்க் கேஸ், இடது மூடி மூன்றின் பக்கத்திலும் செல்போனை வைத்துச் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்துள்ளேன். புதுச் செயின் மாட்டியதும் அதே இடங்களில் மறுபடி பதிவுசெய்து ஒப்பிட வேண்டும்.